தலமரமும் திசு வளர்ப்பும்

திருக்கோயிலுக்குச் செல்லும் அன்பர்கள் மூலவரை வணங்கி வலம் வரும்பொழுது, பிராகாரத்தில் ஒரு மரத்தின் முன்னும் நின்று கைகூப்புவர். அம்மரத்திற்கு மஞ்சளும் குங்குமமும் சார்த்துவர், விளக்கேற்றுவர். அதுவே தலமரம். தலவிருட்சம் என வடமொழியில் வழங்குவதும் அதுவே. விண்ணளாவும் கோபுரங்கள் எழுவதற்கு முன்னர், இறைவன் மரநிழலிலேயே எழுந்தருளி அன்பர்க்கு அருள்செய்தான் என்பது நம் முன்னோர் கொள்கை. கல்லால மரத்தின்கீழ் அமர்ந்து நால்வர் முனிவர்க்கு அறமுரைத்த கோலத்தை இன்றும் ஒவ்வொரு சிவாலயத்தின் தென்புறத்திலும் காண்கிறோம்.

சிதம்பரத்திற்குத் தில்லை, மதுரைக்குக் கடம்பு, திருவானைக்காவிற்கு வெண்ணாவல், திருநெல்வேலிக்கு மூங்கில், குற்றாலத்திற்குக் குறும்பலா, திருவண்ணாமலைக்கு மகிழம், திருப்பாதிரிப்புலியூருக்குப் பாதிரி, மயிலைக்குப் புன்னை. நம் வேலூர்ப் பகுதியில் விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரர் திருக்கோயிலுக்குப் பனையும், திருவல்லம் வில்வநாதேசுவரர் திருக்கோயிலுக்கு வில்வமும் தலமரங்களாம். ஊரின் பெயரையும் இறைவன் பெயரையும் மரமே தந்த இடங்கள் இவற்றுள் பல.

கல்லால் ஆகிய கோபுரம் பழுதுற்றால் திருப்பணி செய்து குடமுழுக்கு நிகழ்த்துகிறோம். உயிருள்ள தலமரம் நலிவுற்றால் என் செய்வது? இவ்வினாவை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமிர்தி அடிவாரத்தில் எழுந்த வினா

வேலூருக்குத் தெற்கே, சவ்வாது மலையின் அடிவாரத்தில் அமைந்தது அமிர்தி. காடும் ஓடையும் அருவியும் சூழ்ந்த இவ்விடத்தில் 1967ஆம் ஆண்டில் வனவிலங்குக் காட்சிச்சாலை ஒன்று தொடங்கப்பெற்றது. சிறுவர்களுடன் அங்குச் சென்றுவராத குடும்பங்கள் இப்பகுதியில் அரியன. சவ்வாது மலை சந்தனத்திற்குப் பெயர்பெற்றது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுத் தோல் பதனிட்ட காலமும் ஒன்றிருந்தது. இறைவனுக்குச் சந்தனம், மருத்துவனுக்குக் கடுக்காய், தொழிலாளிக்குப் பட்டை என்று மலை வாரி வழங்கியது. வாங்கிய நாம் திருப்பிக் கொடுத்தது குறைவு.

அமிர்திக்குச் செல்லும் வழியில் ஒரு சிற்றூர்; அதில் ஒரு சிறிய சிவாலயம். அதன் பெயர் இங்கு வேண்டா. அங்கு முதிர்ந்த வில்வ மரம் ஒன்று நின்றது. சில ஆண்டுகளுக்கு முன் ஊரார் பொருள்திரட்டித் திருப்பணி செய்தனர். அடியார்களின் கால்களில் சேறு படாதிருக்கவேண்டும் என்ற நல்லெண்ணத்தால், மரத்தின் அடிவரை நான்கு புறமும் சிமெண்டுத் தளம் இட்டனர். முதற்கோடையில் இலைகள் சிறுத்தன. இரண்டாம் கோடையில் நுனிக்கிளைகள் காய்ந்தன. மூன்றாம் கோடை முடியும் தறுவாயில் ஊர்ப்பெரியவர் இருவர் அடியேன் இல்லத்திற்கு வந்தனர்.

"புலவரையா, வாழையைத் திசு வளர்ப்பில் ஆயிரக்கணக்கில் உண்டாக்குகிறார்களாமே! எங்கள் வில்வத்தையும் அப்படியே உண்டாக்கித் தர இயலாதா?" என்று வினவினர்.

அடியேன் கற்றது இலக்கணமும் சமய நூலுமேயன்றித் தாவரவியல் அன்று. ஆயினும், என்னிடம் பயின்று பின்னர்த் தாவரவியல் ஆசிரியரான ஒருவர் துணையால் அறிந்தவற்றையே ஈண்டு எழுதுகிறேன். அந்த வில்வத்தின் கதையை இறுதியில் கூறுவேன்.

விதையும் கிளையும்

மரத்தைப் பெருக்க இயற்கை இரு வழிகளை வகுத்துள்ளது. ஒன்று விதை வழி. விதை என்பது தாய்மரமும் தந்தைமரமும் கூடிப்பெற்ற பிள்ளை. பிள்ளை பெற்றோரை ஒத்திருக்கும். ஆனால் பெற்றோரே ஆகாது. இனிய மாங்கனியின் கொட்டையை ஊன்றினால் புளிப்பு மாமரம் முளைப்பதும் உண்டு.

மற்றொன்று உடல் வழி. முருங்கையையும் பூவரசையும் போத்து வெட்டி நடுகிறோம். மல்லிகையைப் பதியன் இடுகிறோம். மாவை ஒட்டுக்கட்டுகிறோம். வாழையின் பக்கக்கன்றைப் பெயர்த்து வைக்கிறோம். இவ்வாறு வருவது பிள்ளை அன்று. அதே மரத்தின் உடலே வேறோரிடத்தில் தொடர்கிறது. காய், கனி, மணம், பருவம் அனைத்தும் தாய்மரத்தில் உள்ளவாறே அமையும்.

திசு வளர்ப்பு என்பது இவ்விரண்டாம் வழியின் மிக நுண்ணிய வடிவம். போத்துக்கு முழங்கை அளவு கிளை வேண்டும். திசு வளர்ப்புக்கு ஒரு கணு, ஒரு மொட்டு, சில வேளைகளில் கடுகளவு குருத்து நுனியே போதும். உடலின் ஒவ்வொரு உயிரணுவிலும் முழுத் தாவரமாக வளரும் ஆற்றல் ஒடுங்கியிருக்கிறது என்பதே இக்கலையின் அடிப்படை.

இக்கலை வளர்ந்த வரலாறு

1902ஆம் ஆண்டில் ஹாபர்லாண்ட் என்னும் ஆஸ்திரிய நாட்டுத் தாவரவியலார், தனித்த உயிரணுக்களைச் சத்துநீரில் வளர்க்க முயன்றார். அவர் முயற்சி கைகூடவில்லை. ஆயினும் அவர் கருத்து நிலைபெற்றது. 1939ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒயிட் என்பாரும், பிரான்சு நாட்டில் கோத்தரே, நோபேகூர் என்னும் இருவரும் தாவரத் திசுவைத் தொடர்ந்து வளர்த்துக் காட்டினர். 1957ஆம் ஆண்டில் ஸ்கூக், மில்லர் என்னும் அறிஞர்கள், தளிர் எழுவதும் வேர் விடுவதும் இருவகை வளர்ச்சிப் பொருள்களின் விகிதத்தால் அமைகின்றன என்று கண்டனர். ஆக்சின் மிகுந்தால் வேர். சைட்டோகைனின் மிகுந்தால் தளிர். 1962ஆம் ஆண்டில் முராஷிகே, ஸ்கூக் என்பார் வகுத்த சத்துக்கலவையையே உலகெங்கும் உள்ள ஆய்வுக்கூடங்கள் இன்றும் பெரிதும் பயன்படுத்துகின்றன.

நம் நாட்டின் பங்கும் சிறிதன்று. 1964ஆம் ஆண்டில் தில்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குகா, மகேசுவரி ஆகிய இருவரும் ஒரு பூவின் மகரந்தப் பையை வளர்த்து, மகரந்தத்திலிருந்தே செடி தோன்றச்செய்து உலகை வியக்கவைத்தனர். அந்தப் பூ யாது தெரியுமா? ஊமத்தை! பிறர் விரும்பாது ஒதுக்கும் ஊமத்தம்பூவைச் சிவபெருமான் தன் சடையில் ஏற்றான். அறிவியல் உலகிலும் அப்பூவே பெருமை பெற்றது.

கண்ணாடிக் குடுவையுள் நிகழ்வது

திசு வளர்ப்பில் ஆறு படிகள் உண்டு.

முதற்படி, தாய்மரத்தைத் தேர்தல். நோயற்ற, நற்பண்புடைய மரமே வேண்டும். தாயின் குறை கன்றுகள் அனைத்திலும் தோன்றும்.

இரண்டாம்படி, தூய்மை செய்தல். இளங்கிளையின் கணுவைத் துண்டாக்கி, ஓடும் நீரில் கழுவி, நுண்கிருமிகளைக் கொல்லும் மருந்துநீரில் சில நிமிடம் இட்டு, மீண்டும் தூயநீரில் அலசுவர். கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சை வித்து எஞ்சினும் குடுவை முழுவதும் பாழாகும்.

மூன்றாம்படி, ஊடகத்தில் நிறுவுதல். ஊடகம் என்பது தாது உப்புகள், உயிர்ச்சத்துகள், சருக்கரை, வளர்ச்சிப் பொருள்கள் ஆகியன கலந்த உணவு. ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 30 கிராம் சருக்கரை இடுவர். கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகார் என்னும் பொருளால் அதனைக் கூழ்போல் இறுகச்செய்வர். பின்னர் 121 பாகை வெப்ப நீராவியில் வைத்துக் கிருமிநீக்குவர். துண்டினை ஊன்றும் இடத்தில் வடிகட்டிய தூய காற்று இடையறாது வீசிக்கொண்டிருக்கும். கருவறைக்குள் நீராடித் தூய ஆடையுடுத்தோரே புகுவது போல, அந்த அறைக்குள்ளும் கைகால் கழுவி மாற்றுடை உடுத்தோரே புகுவர்.

நான்காம்படி, பெருக்குதல். ஏறத்தாழ 25 பாகை வெப்பத்தில், நாளொன்றுக்குப் பதினாறு மணிநேரம் விளக்கொளியில் குடுவைகளை வைப்பர். சில வாரங்களில் ஒரு கணுவிலிருந்து பல தளிர்கள் எழும். அவற்றைப் பிரித்துப் புதிய குடுவைகளில் இடுவர். ஒரு தளிர் ஒவ்வொரு சுற்றிலும் நான்காகப் பெருகும் எனக் கொண்டால், ஆறு சுற்றுகளில் 4,096 தளிர்கள் கிடைக்கும்.

ஐந்தாம்படி, வேர்விடச் செய்தல். ஆக்சின் மிகுந்த ஊடகத்திற்குத் தளிர்களை மாற்றினால் வேர் தோன்றும்.

ஆறாம்படி, பழக்குதல். இதுவே பலர் அறியாத கடினமான படி. குடுவைக்குள் வளர்ந்த செடி வெயிலும் காற்றும் அறியாதது. அதன் இலையில் மெழுகுப்பூச்சு மெல்லியது. நீராவியைக் கட்டுப்படுத்தும் இலைத்துளைகளும் செவ்வனே இயங்கா. அதனைத் திடீரென வெளியில் நட்டால் ஒரே நாளில் வாடும். ஆகவே முதலில் ஈரமிகுந்த குடிலிலும், பின்னர் நிழல்வலையின் கீழும், அதன்பின் திறந்தவெளியிலும் வைத்துப் படிப்படியாகப் பழக்குவர். செல்வமாக வளர்ந்த பிள்ளையை உலகிற்குப் பழக்குவது போன்றது இது.

முதுமரம் ஏன் எளிதில் வாராது?

வாழை எளிதில் வரும். மரம் அவ்வாறு வாராது. அதிலும் தலமரம் போன்ற முதுமரம் மிகவும் அரிது. காரணம் மூன்று. முதலாவது, முதிர்ந்த மரத்தை வெட்டிய வாயிலிருந்து துவர்ப்புப் பொருள்கள் கசிந்து ஊடகத்தைக் கறுக்கச்செய்து துண்டினைக் கொன்றுவிடும். வாழைக்காயை நறுக்கிவைத்தால் கறுப்பது போன்றதே இது. இரண்டாவது, பல்லாண்டு நின்ற மரத்தின் உட்புறத்திலேயே நுண்கிருமிகள் குடிகொண்டிருக்கும். மேலே கழுவுவதால் அவை நீங்கா. மூன்றாவது, முதிர்ந்த கிளை எளிதில் வேர்விடாது.

இவற்றை வெல்லவும் வழி கண்டனர். மரத்தின் உச்சிக்கிளையை விட்டு, அடித்தூரில் புதிதாக எழும் துளிர்களை எடுப்பர். அவை இளமைத்தன்மை மிக்கவை. அல்லது முதுமரத்தின் குருத்தை இளங்கன்றின்மேல் மீண்டும் மீண்டும் ஒட்டி இளமையூட்டுவர். புனே நகரத் தேசிய வேதியியல் ஆய்வகத்தார், நூறாண்டு நிறைந்த தேக்கு மரங்களிலிருந்து திசு வளர்ப்பால் கன்றுகள் உண்டாக்கி 1980ஆம் ஆண்டில் அறிவித்தனர். முதுமரமும் மீண்டும் தளிர்க்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே கிடைத்த சான்று இது.

சந்தனம்

இறைவன் திருமேனிக்கு நாள்தோறும் சார்த்தும் சந்தனத்தின் நிலையை அன்பர்கள் அறிதல் வேண்டும். சவ்வாது மலைக்காடுகளில் சந்தனம் இயல்பாகவே வளர்ந்தது. திருட்டு வெட்டினாலும் காட்டுத்தீயினாலும் கால்நடை மேய்ச்சலினாலும் அது குறைந்தது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் சந்தனத்தை அழிவுக்கு ஆட்படக்கூடிய இனங்களுள் ஒன்றாக 1998ஆம் ஆண்டில் வைத்தது. இதனை ஒழிக்கும் மற்றொரு பகை கொத்திலை நோய். இலைகள் சிறுத்துக் கதிர்போல் நிற்கும்; சில ஆண்டுகளில் மரம் மடியும். 1899ஆம் ஆண்டில் குடகுப் பகுதியில் இந்நோய் முதலில் குறிக்கப்பெற்றது.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சார்ந்த இலட்சுமி சீதா முதலிய அறிஞர்கள், சந்தனத்தின் தளிர்த்துண்டிலிருந்து திசுத்திரளை வளர்த்து, அதில் விதையில் உள்ளவை போன்ற கருக்களைத் தோற்றுவித்து, அவற்றைச் செடிகளாக்கி 1979ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்து அறிஞர்கள் அத்தகைய கருக்களைக் கடற்பாசிப் பொருளாலான சிறு உருண்டைகளுள் பொதிந்து, செயற்கை விதைகளாக்கி முளைக்கச்செய்ததை 1988ஆம் ஆண்டில் அறிவித்தனர்.

ஆயினும் சந்தனத்தின் இயல்பு ஒன்று உண்டு. அது தனித்து வாழாது. அதன் வேர் அண்டையில் உள்ள செடியின் வேரைத் தழுவி, அதனிடமிருந்து நீரும் சத்தும் கொள்ளும். ஆகவே நாற்றங்காலில் பொன்னாங்கண்ணியையோ துவரையையோ துணைச்செடியாக உடன் வைப்பர். தோட்டத்தில் சவுக்கு முதலிய மரங்களைத் துணையாக நடுவர். குடுவையில் பிறந்த சந்தனமும் இவ்விதிக்கு உட்பட்டதே. மணமோ வெளிமரத்தில் இல்லை. உள்ளே முதிரும் வைரத்தில் உள்ளது. அது உருவாகத் தொடங்கவே பல ஆண்டுகள் வேண்டும். நன்கு முதிர முப்பது ஆண்டுகளேனும் ஆகும். கன்றினை விரைவாகப் பெருக்கலாம். மணத்தை விரைவுபடுத்த இயலாது. தமிழ்நாட்டில் 2002ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்தால் தனியார் நிலத்துச் சந்தன மரம் நிலவுரிமையாளர்க்கே உரியதாயிற்று. வெட்டுவதற்கு மட்டும் வனத்துறையின் இசைவு பெறுதல் வேண்டும். நம் பகுதி உழவர்கள் அஞ்சாது நடலாம்.

அகக்காழும் புறக்காழும்

தொல்காப்பியனார் மரபியலில் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர்களாக வைத்தார். மேலும், உள்ளே வைரமுடையது அகக்காழ். அது மரம் எனப்படும். வெளியே வைரமுடையது புறக்காழ். அது புல் எனப்படும் என்றும் பகுத்தார். சந்தனமும் தேக்கும் அகக்காழ். பனையும் தெங்கும் மூங்கிலும் புறக்காழ். இப்பகுப்பு வெறும் இலக்கணக் குறிப்பன்று என்பதைத் திசு வளர்ப்பு உணர்த்துகிறது.

அகக்காழ் மரங்களில் பட்டைக்கும் கட்டைக்கும் இடையே வளரும் திசு வளையம் ஒன்று உண்டு. ஆகவே அவற்றை ஒட்டுக்கட்டலாம்; வெட்டினால் துளிர்க்கும். புறக்காழ் இனங்களில் அவ்வளையம் இல்லை, ஒட்டு ஏறாது. பனைக்கு உச்சியில் ஒரே குருத்து. அதை எடுத்தால் மரமே மடியும். பேரீச்சையைத் திசு வளர்ப்பால் பெருக்கும் முறை நன்கு நிலைபெற்றுள்ளது. அண்டையிலுள்ள தருமபுரி மாவட்டத்து உழவர்கள் அத்தகைய கன்றுகளை நட்டுப் பயன் பெறுகின்றனர். பனைக்கோ இன்றும் கொட்டையே வழி. ஆகவே விரிஞ்சிபுரத்துத் தலமரம் போன்ற பனைகளைக் காக்க விரும்புவோர், அவற்றின் பழங்களைப் பாதுகாத்து ஊன்றுவதே தக்கது.

மூங்கில் பல்லாண்டுகளுக்கு ஒருமுறையே பூக்கும்; பூத்தபின் புதர் முழுவதும் மடியும். புனே ஆய்வகத்தார் குடுவையிலிருந்த மூங்கில் செடிகளைச் சில மாதங்களிலேயே பூக்கவும் விதைக்கவும் செய்து 1990ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தனர். நெல்லையப்பரின் தலமரம் மூங்கில் என்பதை நினையும்பொழுது இச்செய்தி நமக்கு இனிக்கிறது.

தில்லையின் நிலை இன்னும் உருக்கமானது. சிதம்பரத்திற்குப் பெயர் தந்த தில்லைவனம் நகரில் இன்று இல்லை. அம்மரத்தைப் பிச்சாவரத்து உப்பங்கழிக் காடுகளில் காணலாம். தில்லையில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. விதை ஊன்றினால் எது முளைக்கும் என முன்னரே அறிய இயலாது. உடல் வழியில் பெருக்கினால் தாய் எதுவோ கன்றும் அதுவே. சென்னை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சார்ந்தோர் பங்கேற்ற ஆய்வொன்று, தில்லையைத் திசு வளர்ப்பால் பெருக்கும் முறையை 1998ஆம் ஆண்டில் வெளியிட்டது.

பழனிப் பஞ்சாமிர்தத்திற்குப் புகழ் தந்த விருப்பாட்சி மலைவாழை முடிக்கொத்து நோயால் பெரிதும் அழிந்தபொழுதும், குருத்து நுனியைத் திசு வளர்ப்பில் வளர்த்து நோயற்ற கன்றுகள் உண்டாக்கும் முறையே துணைநின்றது. நச்சுயிரி பரவிய செடியிலும் குருத்தின் மிகநுண்ணிய நுனி பெரும்பாலும் நோயற்றிருக்கும் என்பதே அதன் நுட்பம்.

இக்கலையின் எல்லை

ஆற்றல் பெரிதாயினும் எல்லையும் உண்டு. திசு வளர்ப்புக் கன்றுகள் அனைத்தும் ஒரே உடலின் கூறுகள். ஒரு நோய் ஒன்றைத் தாக்கினால் அனைத்தையும் தாக்கும். ஆதலின் காட்டை நிரப்புவதற்குப் பல தாய்மரங்களின் விதைகளே சிறந்தவை. குறிப்பிட்ட ஒரு மரத்தின் பண்பை மாறாது தொடர விரும்புமிடத்தே திசு வளர்ப்பு ஏற்றது. அங்கும் ஒட்டோ பதியனோ போதுமாயின் அதுவே எளிது, செலவும் குறைவு. வில்வத்தில் வேரிலிருந்தே பக்கக்கன்று எழும். மொட்டு ஒட்டும் ஏறும்.

எல்லாவற்றினும் பெரிய எல்லை ஒன்றுண்டு. உயிருள்ள திசு இருந்தால்தான் வளர்ப்பு. உலர்ந்த கட்டையிலிருந்து உயிரை எழுப்பும் குடுவை எங்கும் இல்லை.

வில்வத்தின் கதை

இதனை அறிந்தபின் அடியேனும் முன்னர்க் கூறிய ஆசிரியரும் அச்சிற்றூருக்குச் சென்றோம். அவர் ஒரு கிளையின் பட்டையை நகத்தால் கீறினார். பச்சை இல்லை. வேறொரு கிளையைக் கீறினார். அங்கும் இல்லை. அடித்தூரையும் கீறிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "ஐயா, ஓராண்டு முன்னர் அழைத்திருந்தால் ஒரு விரல் நீளத் தளிர் போதுமாயிருந்தது" என்றார். உடன் நின்ற பெரியவர்கள் பேசவில்லை. சிமெண்டுத் தளத்திற்குப் பொருள் தந்தவர் அவர்களுள் ஒருவர். தாம் பொன்போல் எண்ணிச் செய்த தொண்டே மரத்திற்குக் கூற்றாயிற்று என்பதை அவர் உணர்ந்து கண்கலங்கினார். தளத்தின் கீழ் வேருக்கு நீரும் இல்லை, காற்றும் இல்லை. வேரும் மூச்சுவிடும் என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை. சொல்லியிருக்கவேண்டிய எம்மனோரும் கோயில்தோறும் தலமரத்தின் புராணத்தை விரித்துரைத்தோமேயன்றி, அதன் வேரைப்பற்றி ஒரு சொல்லும் சொன்னோமில்லை.

அப்பொழுது, நாள்தோறும் கோயில் வாயிலைப் பெருக்கிக் கோலமிடும் மூதாட்டியார் ஒருவர் மெல்ல வந்தார். "ஐயா, எங்க வீட்டுக் கொல்லையில ஒரு வில்வக்கன்னு இருக்குது. இந்த மரத்துப் பழம் விழுந்து உடைஞ்சு கிடந்தது. கோயில் பழத்தோட கொட்டை, குப்பையில போட மனசு வரல. கொல்லையில போட்டேன், முளைச்சுது" என்றார்.

சென்று கண்டோம். இடுப்பளவு உயரத்தில், மும்மூன்று இலையாக அக்கன்று நின்றது. மழைக்காலத் தொடக்கத்தில் ஊரார் தளத்தை உடைத்து அகற்றி, மண்ணைக் கிளறி, எரு இட்டு, அக்கன்றை அங்கே நட்டனர். நட்டவர் அம்மூதாட்டியாரே. தளத்திற்குப் பொருள் தந்த பெரியவர் நாள்தோறும் தம் கையாலேயே நீர் வார்க்கிறார்.

"இது பழைய மரம் ஆகுமா?" என்று ஊரார் கேட்டனர். அறிவியல் நெறிப்படி ஆகாது. இது அதன் பிள்ளை. திசு வளர்ப்பில் வந்திருந்தால் அதே மரம் எனலாம். ஆயினும் சமயநெறியில் ஒரு விளக்கிலிருந்து ஏற்றிய விளக்கும் திருவிளக்கே. பரம்பரை அறாமையே இங்குப் பெரிது. அறிவியல் காக்கத் தவறியதை, கோயில் பழத்தின் கொட்டையைக் குப்பையில் எறிய மனம் வராத ஓர் அன்புள்ளம் காத்தது.

அன்பர்கள் செய்யத்தக்கன

தலமரத்தின் அடியில், இயன்றவரை கிளைகளின் நிழல் விழும் எல்லையளவும், சிமெண்டோ கல்லோ பாவாது மண்ணாகவே விடுக. தளம் முன்னரே இருப்பின், தூரைச் சுற்றி அகன்ற பாத்தியளவேனும் அகற்றுக.

வேண்டுதலுக்காக ஆணி அறையாதீர். பட்டையில் பெயர் செதுக்காதீர். மரத்தின் உணவோட்டம் பட்டையின் உட்புறத்திலேயே செல்கிறது. நைலான் கயிறும் கம்பியும் இறுக்கிக் கட்டினால் மரம் பருக்கும்பொழுது அவை உள்ளே அறுக்கும். பருத்திக் கயிற்றைத் தளர்வாகக் கட்டுக.

கற்பூரமும் நெய்விளக்கும் தூரில் ஏற்றாது, சற்று விலகிய மேடையில் ஏற்றுக. எண்ணெயையும் அபிடேகத்து உப்புநீரையும் வேரில் ஊற்றாதீர்.

மரம் நலமாயிருக்கும்பொழுதே அதன் விதையாலும் ஒட்டாலும் இரண்டொரு கன்றுகளை உண்டாக்கி, நந்தவனத்தில் ஒன்றும் ஊரில் வேறோரிடத்தில் ஒன்றும் வளர்த்து வருக. அரிய மரமாயின், கோவையிலுள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்க நிறுவனம், வேளாண்மைப் பல்கலைக்கழகம் போன்றவற்றின் அறிஞர்களைக் கோயில் நிருவாகத்தின் வழியாக அணுகுக. நுனிக்கிளை காய்வதைக் கண்ட அன்றே அணுகுக. பட்டையின் பச்சை மறைந்தபின் பயனில்லை.

அமிர்தி என்னும் பெயரைக் கேட்கும்பொழுதெல்லாம் சாவா மருந்தாகிய அமிழ்தம் நினைவிற்கு வருகிறது. மரத்திற்கு அமிழ்தம் மண்ணும் நீரும் காற்றும் நம் கருத்தும் ஆகும். கோயிலுக்குச் செல்லும் அன்பர்கள் இனி மரத்தை வலம் வரும்பொழுது, கைகூப்பியபின் ஒருமுறை குனிந்து அதன் அடியையும் நோக்குவார்களாக. அங்கு மண் இருக்கிறதா, ஈரம் இருக்கிறதா என்று காண்பதும் வழிபாடே.

மரம் வாழ்க! மலை வாழ்க! மழை பொழிக! எல்லா உயிரும் இன்புற்று வாழ்க!

திருச்சிற்றம்பலம்.